வணிக மாணவரும் சமூகத் தொண்டும்

கல்லூரிகளின் விழா மலர்களைப் புரட்டுவோர் அவற்றில் வழக்கமாக ஒரு முறையைக் காணலாம். அக்கல்லூரியிற் பயின்று வைத்தியரானோர், ஆசிரியரானோர், பொறியியலாளரானோர் ஆகியோரைப் பற்றி எழுதும்போது அவர்தம் தொழிலே அவர்கள் செய்த தொண்டாகப் பேசப்படும். வணிகரானோரைப் பற்றி எழுதும்போதோ அவர்தம் தொழில் பேசப்படுவதில்லை. அவர்கள் வழங்கிய நன்கொடையே பேசப்படும். வைத்தியர் நோய் தீர்த்தமையாற் தொண்டராயினார். ஆசிரியர் எழுத்தறிவித்தமையாற் தொண்டராயினார். வணிகர் மாத்திரம் கடையை அடைத்துவிட்டு வந்து கொடுத்த பணத்தினாற் தொண்டராயினார் என்பது இதன் உட்கருத்தாகும். நன்கொடையாளர் வரிசையிலன்றி வேறோரிடத்தில் வணிகர்க்கு இருக்கை அளிக்கும் வழக்கம் எம்மிடையே அரிது.

இப்பாகுபாடு சிறியதெனத் தோன்றலாம். ஆயின், இன்று வணிக வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் சமூகத் தொண்டைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்திற்கு இதுவே வித்தாகும். தொண்டென்பது தொழிலுக்கு வெளியே நிற்கும் ஒன்று என அவன் கருதுகின்றான். அக்கருத்து எவ்வெவ் வடிவங்களில் வெளிப்படுகின்றது, அதனை ஆராய்ந்த அறிஞர் கண்டவை யாவை, அதனை எவ்வழியாற் திருத்தலாம் என்பவற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை மனப்பான்மை

எமது நாட்டிற் க. பொ. த. உயர்தர வகுப்பில் வணிகத்துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் பெரும்பாலும் கணக்கீடு, வணிகக்கல்வி, பொருளியல் ஆகிய பாடங்களைப் பயில்கின்றனர். பின்னர் அவர்களுட் சிலர் பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ, வணிக பீடங்களுக்குச் செல்கின்றனர். சிலர் பட்டயக் கணக்காளர் பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றனர். சிலர் வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் அமர்கின்றனர். சிலர் தந்தையாரின் கடையைப் பொறுப்பேற்கின்றனர். இவர்களுள் எவரிடமேனும், "சமூகத்திற்கு நீர் கடமைப்பட்டவரா?" என வினவினால் அல்லவென்று விடை வாராது. ஆமென்றே சொல்வர். அக்கடமை எப்போது, எம்முறையில் நிறைவேற்றப்படும் என்று மேலும் வினவும்போதே வேறுபாடுகள் புலனாகும். அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, "முன்னர் ஈட்டுவோம், பின்னர் கொடுப்போம்" என்னும் மனப்பான்மை. இஃது இழிவானதன்று. எமது ஊர்க் கல்லூரிகளின் மண்டபங்கள், நூல்நிலையங்கள், ஆய்வுகூடங்கள் ஆகியவற்றுட் பல, கடல் கடந்து சென்று பொருளீட்டிய பழைய மாணவர்களின் கொடையாற் தோன்றியவை. வறிய மாணவர் பலர் அவர்களின் உதவிப் பணத்தினாற் படித்து முன்னேறியுள்ளனர். இதனை நன்றியுடன் நினைத்தல் எம் கடன். எனினும் இம்மனப்பான்மையில் இரண்டு குறைகள் உள. "பின்னர்" என்னும் நாள் எந்நாள் என்பது வரையறுக்கப்படவில்லை. வீடு கட்டியபின், பிள்ளைகள் படித்தபின், மகளுக்குச் சீதனம் சேர்த்தபின் என அது தள்ளிக்கொண்டே போகக்கூடும். அதனிலும் பெரிய குறை, கொடுப்பதைப் பற்றியே பேசுவதால் ஈட்டும் முறையைப் பற்றிய வினா மறைந்துபோதல்.

இரண்டாவது, தொண்டைச் சான்றிதழாகக் கருதும் மனப்பான்மை. பாடசாலைகளிற் சாரணர் படை, முதலுதவிப் படை, 1957இல் அமெரிக்காவிற் தோன்றிய லியோ கழகம், 1962இல் தோன்றிய இன்ரறக்ற் கழகம் முதலியன இயங்குகின்றன. சிரமதானம், இரத்ததானம், கடற்கரையைத் துப்புரவு செய்தல் ஆகிய நற்பணிகளை மாணவர் செய்கின்றனர். பயன் இல்லையென எவருஞ் சொல்லார். ஆயின் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுதற்குரிய ஒரு தாள் என்ற அளவில் தொண்டு நின்றுவிடின், தாள் கிடைத்தவுடன் தொண்டும் முடிந்துவிடும். வேலை கிடைத்த இளைஞன் மீண்டும் அக்கழகத்தின் வாயிலை மிதிப்பது அரிது.

மூன்றாவது, "வணிகனின் கடமை இலாபம் ஈட்டுவதே, தொண்டு அரசாங்கத்தினதும் கோவிலினதும் வேலை" என்னும் மனப்பான்மை. இவ்வாறு கருதுவோர் தாம் வன்னெஞ்சர் அல்லர் என்பர். வணிகன் இலாபம் ஈட்டினால் வேலைவாய்ப்புப் பெருகும், வரி பெருகும், அதனால் நாடு வளரும் என்பது அவர்களின் வாதம். பாடநூல் படித்தவர்களிடம் இவ்வாதம் மற்றையவற்றிலும் உறுதியாகக் காணப்படும்.

மூன்று மனப்பான்மைகளும் தம்முள் வேறுபட்டன போலத் தோன்றினும் அடியில் ஒன்றே. தொழில் வேறு, தொண்டு வேறு என்பதே அவ்வடிப்படை. முதலாமவன் தொண்டைத் தொழிலுக்குப் பின்னே வைக்கின்றான். இரண்டாமவன் தொழிலுக்கு முன்னே வைக்கின்றான். மூன்றாமவன் பிறர் தலையில் வைக்கின்றான். தொழிலினுள்ளே வைத்தவர் எவருமிலர்.

ஆராய்ந்தோர் கண்டவை

பொருளியலும் வணிகமும் பயில்வோர் மற்றையோரிலும் தந்நலம் மிக்கவரா என்பது மேல்நாட்டு அறிஞர் நெடுங்காலம் ஆராய்ந்து வரும் வினாவாகும். 1993இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக அறிஞர்களான றொபேட் ஃபிராங், தோமஸ் கிலோவிச், டெனிஸ் றீகன் ஆகியோர் இதுபற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். மாணவர் இருவர் இருவராக ஒரு விளையாட்டில் ஈடுபடுத்தப்பட்டனர். இருவரும் ஒத்துழைப்பின் இருவர்க்கும் நன்மை. ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏமாற்றின் ஏமாற்றியவர்க்கே பெருநன்மை. இருவரும் ஏமாற்றின் இருவர்க்கும் நட்டம். இவ்விளையாட்டிற் பொருளியல் மாணவருள் நூற்றுக்கு 60 பேரளவில் ஏமாற்றும் வழியைத் தேர்ந்தனர். மற்றைத் துறை மாணவருள் அவ்வாறு செய்தோர் நூற்றுக்கு 39 பேரளவினரே.

இதனைக் கண்டவுடன் கல்வியே கெடுத்தது என்று தீர்ப்பளித்தல் தகாது. அத்தகைய மனப்பான்மை உடையோரே அத்துறையைத் தேடி வருகின்றனர் எனவும் கொள்ளலாமன்றோ? இவ்விரண்டில் எது உண்மையென அறியச் சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்திற் கிடைத்த சான்று துணைபுரிகின்றது. அங்கு ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் மாணவர் பதிவு செய்யும்போது, இடர்ப்படும் மாணவர்க்குக் கடன் வழங்கும் நிதிக்கு 7 பிராங்கும், அங்கு வந்து பயிலும் வெளிநாட்டு மாணவர்க்கு உதவும் நிதிக்கு 5 பிராங்கும் விரும்பினாற் கொடுக்கலாம். புரூனோ ஃபிறை, ஸ்ரெபான் மையர் என்னும் அறிஞர் இருவர் இப்பதிவுகளை ஆராய்ந்து 2003இல் தம் முடிவை வெளியிட்டனர். பொருளியல், வணிகத் துறைகளைச் சார்ந்தோர் சராசரியாகப் பிறரிலும் குறைவாகவே கொடுத்தனர். ஆயின் அவ்வேறுபாடு முதற் பருவத்திலேயே, அதாவது ஒரு விரிவுரையேனும் கேட்பதற்கு முன்னரே, காணப்பட்டது. படிக்கப் படிக்க அது பெருகவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் யோறம் போமன், இலெய்னா றோஸ் ஆகியோர் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு மற்றுமொரு பக்கத்தைக் காட்டிற்று. பொருளியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டோர் தொடக்கத்திலேயே குறைவாகக் கொடுப்போராயிருந்தனர் என்பது சூரிச் முடிவோடு ஒத்தது. ஆனால் வேறு துறை மாணவர் பொருளியலின் தொடக்க வகுப்பொன்றைக் கற்றபின் முன்னரிலும் குறைவாகக் கொடுக்கத் தலைப்பட்டனர் எனவும் அவர்கள் கண்டனர். எனவே வருவோர் இயல்பும் ஒரு காரணம்; கற்பிக்கும் முறையும் ஒரு காரணம் என்று கொள்ளுதலே பொருத்தமாகும்.

வணிக முகாமைத்துவ முதுமாணி மாணவரைப் பற்றி அமெரிக்காவின் அஸ்பென் நிறுவனம் 2001 தொடக்கம் நடத்திய விசாரணைகளும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கவை. நிறுவனமொன்றின் தலையாய கடமை யாது என்னும் வினாவிற்கு, படிப்பைத் தொடங்கும்போது வாடிக்கையாளரின் தேவையையும் பொருளின் தரத்தையும் முதன்மையாகக் கூறிய மாணவர், படிப்பு முடியும் தறுவாயிற் பங்குதாரரின் நலனை முதன்மையாகக் கூறினர். தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத செயலை நிறுவனம் செய்தால் என் செய்வீர் என்றதற்கு, உள்ளேயிருந்து திருத்த முயல்வோம் என்றாரிலும் வேறு வேலை தேடுவோம் என்றாரே பலராவர்.

இவை மேல்நாட்டுச் செய்திகள்; இவற்றை அப்படியே எம் மாணவர்க்குப் பொருத்துதல் நேர்மையாகாது. ஆயினும் ஓர் உண்மை எமக்கும் உரியது. பல்கலைக்கழக வாயிலில் அடிவைக்கும்போதே வேறுபாடு உளதெனின், அஃது உருவான இடம் வீடும் பாடசாலையுமே. ஆகவே இப்பொருள் பல்கலைக்கழகத்தார் மாத்திரம் சிந்திக்கவேண்டிய பொருளன்று. பதினாறு வயது மாணவனுக்கு ஐந்தொகை கற்பிக்கும் கல்லூரியும் அதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இலாபமும் பொறுப்பும்

வணிகனுக்குச் சமூகப் பொறுப்பு உண்டா என்னும் விவாதம் இக்காலத்தில் ஒழுங்காகத் தொடங்கியது 1953இல் எனலாம். அவ்வாண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹவாட் பொவென் வணிகரின் சமூகப் பொறுப்புகளைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார். பெருநிறுவனங்களின் முடிவுகள் பலகோடி மக்களின் வாழ்வைத் தொடுவதால், சமூகம் போற்றும் நோக்கங்களையும் அவை கருத்திற் கொள்ளவேண்டும் என்றார் அவர். 1970இல் மில்ரன் ஃபிறீட்மன் என்னும் பேரறிஞர் இதனை மறுத்து எழுதினார். பங்குதாரரின் பணத்தை முகாமையாளர் தம் விருப்பப்படி தருமஞ் செய்தல் பிறர் பணத்தைச் செலவிடுதலாகும் என்பதும், இலாபத்தைப் பெருக்குதலே நிறுவனத்தின் பொறுப்பு என்பதும் அவர் வாதமாகும்.

மேலே கூறிய மூன்றாவது மனப்பான்மையுடைய மாணவர் பெரிதும் பற்றிக்கொள்வது இவ்வாதத்தையே. ஆயின் அவர்கள் அதன் முற்பாதியை மாத்திரம் நினைவில் வைத்துப் பிற்பாதியை மறந்துவிடுகின்றனர். வஞ்சனையும் மோசடியும் இன்றி, விதிகளுக்கு அமைந்து, திறந்த போட்டியில் ஈட்டும் இலாபத்தையே ஃபிறீட்மன் கூறினார். அவ்வரம்பை மாத்திரம் உண்மையாகக் காத்தாற்கூட எம் ஊர்க் கடைவீதிகளிற் பல வழக்கங்கள் மாறவேண்டி வரும்.

ஆச்சி கறொல் என்னும் அறிஞர் 1991இல் இப்பொறுப்புகளை ஒரு கூம்பாக வரைந்து காட்டினார். அடித்தளம் பொருளாதாரப் பொறுப்பு. நிறுவனம் நட்டமின்றி நிலைத்தல் வேண்டும். அதன்மேல் சட்டப் பொறுப்பு. அதற்கும் மேல் சட்டம் கூறாவிடினும் நியாயமானதைச் செய்யும் அறப்பொறுப்பு. உச்சியிலே, அளவிற் சிறியதாக அமைவது கொடை. இக்கூம்பினை வணிக மாணவர் பலர் பரீட்சைக்கு வரைகின்றனர். ஆயின் வாழ்க்கையில் அவர்கள் காண்பதோ அடித்தளத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் உச்சிக்குத் தாவும் வணிகரை. இடையில் உள்ள சட்டமும் அறமும் தாவிக் கடக்கப்படும் படிகளாகிவிட்டன.

கொடையைச் சட்டத்தாற் கட்டாயமாக்கிய நாடும் உண்டு. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம், 500 கோடி ரூபாவிற்குக் குறையாத தேறிய சொத்து, அல்லது 1,000 கோடி ரூபாவிற்குக் குறையாத வியாபாரப் புரள்வு, அல்லது 5 கோடி ரூபாவிற்குக் குறையாத தேறிய இலாபம் உடைய நிறுவனங்கள், முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிகளிற் செலவிடவேண்டும் என விதித்தது. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அத்தகைய பங்கு எதனையும் விதிக்கவில்லை. இந்தியச் சட்டத்தினாற் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் பயன்பெற்றன. எனினும் அவ்விதி நூற்றில் 2 பங்கின் செலவைப் பற்றியே பேசுவது. மற்றைய 98 பங்கு எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை வணிகனின் மனச்சாட்சியும் வேறு சட்டங்களுமே காக்கவேண்டும்.

நம்மவர் மரபு

இக்கருத்துப் புதிதாக மேல்நாட்டிலிருந்து நாம் கடன் வாங்கவேண்டிய ஒன்றன்று. திருவள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை எவ்வதிகாரத்தில் வைத்தார் என்பதை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஈகைக்கென ஓர் அதிகாரமும் ஒப்புரவுக்கென ஓர் அதிகாரமும் இருக்கவும், வணிகரைப் பற்றி அவர் கூறியது நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியிலாகும். பிறருடைமையைத் தம்முடைமையாகக் கருதி நடத்தலே வணிகத்தின் சிறப்பென்பது அதன் கருத்து. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது அவர்தம் செல்வத்தோடு அமையாது, வாங்குவதில் மிகையும் விற்பதிற் குறையும் இல்லாத அவர்தம் நேர்மையையும் எடுத்துக் கூறுகின்றது. வணிகனின் புகழ் துலாக்கோலின் நடுவிலேயே நிற்கின்றது என்பது பழந்தமிழர் துணிபு.

அண்மைக்கால வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே 28 தொழிலாளர் ஒன்றுகூடிச் சிறு கடையொன்றைத் திறந்தனர். மா, வெண்ணெய், சீனி முதலிய சில பொருள்களே அக்கடையில் இருந்தன. கலப்பற்ற மா, சரியான நிறை, இலாபத்தை வாங்கியோர்க்கே பகிர்தல் என்பன அவர்கள் கொண்ட விதிகள். அவர்கள் எவருக்கும் தானஞ் செய்யவில்லை. நேர்மையாக வியாபாரஞ் செய்தமையே உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கமாயிற்று.

இலங்கையில் 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பின்னர் இவ்வியக்கம் வளர்ந்தது. வடக்கிலே அதற்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கி 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற வீ. வீரசிங்கம் அவர்கள். யாழ்ப்பாண நகரில் வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரை நிலைநாட்டி நிற்கின்றது. 1930களிற் தோன்றிய மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை, ஊரார் பங்குப் பணம் சேர்த்துக் கணக்கு ஒழுங்காக வைத்தால் எத்தகைய பணி கைகூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாகும். இங்கெல்லாம் தொண்டு செய்த கருவி கணக்குப் புத்தகமே.

கணக்கில் உள்ள தொண்டு

கணக்குப் புத்தகம் நன்மைக்கும் தீமைக்கும் கருவியாகலாம் என்பதை எம் கண்முன் நடந்த ஒரு செய்தியாற் காட்டலாம். வங்காள தேசத்தின் சிட்டகொங் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த முகமட் யூனுஸ், 1976இல் அயலிலுள்ள ஜோப்றா என்னும் கிராமத்தில் 42 ஏழைகளுக்கு 27 டொலர் பெறுமதியான பணத்தைக் கடனாகக் கொடுத்தார். அம்முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் ஆசிரியர் தம் துறையறிவைக் கொண்டே தொண்டு செய்தமைக்கு இது சிறந்த உதாரணமாகும்.

அதே நுண்கடன் 2009இற் போர் முடிந்தபின் எமது வட, கிழக்கு மாகாணங்களுக்கு வேறொரு முகத்தோடும் வந்தது. சொத்தும் வருவாயும் இழந்திருந்த குடும்பங்களின் பெண்கள் குழுக் குழுவாகக் கடன் பெற்றனர். வாரந்தோறும் பணம் அறவிடப்பட்டது. ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் பெறும் நிலை பலர்க்கு உண்டாயிற்று. 2016ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்கவேண்டியதாயிற்று.

இங்கு வணிக மாணவன் சிந்திக்கவேண்டிய கணக்கொன்று உண்டு. உதாரணமாக, ஒருத்தி 50,000 ரூபா கடன் பெறுகின்றாள் எனக் கொள்வோம். வட்டி நூற்றுக்கு 24 என அவளுக்குச் சொல்லப்படுகின்றது. முழுத்தொகைக்கும் வட்டி 12,000 ரூபா; மொத்தம் 62,000 ரூபாவை 50 வாரங்களில், வாரம் 1,240 ரூபாவாகக் கட்டவேண்டும். 25ஆம் வாரம் முடியும்போது அவள் முதலிற் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளிடம் எஞ்சியிருப்பது 25,000 ரூபா மாத்திரமே. ஆயினும் இறுதி வாரம் வரை 50,000 ரூபாவிற்குரிய வட்டியையே அவள் கட்டுகின்றாள். அவ்வப்போது எஞ்சிய மீதிக்கு மாத்திரம் வட்டி கணித்துப் பார்த்தால், உண்மையான வீதம் ஆண்டொன்றிற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 45 ஆகும்.

இதனைக் கணித்துப் பார்க்க உயர்தரக் கணக்கீட்டு மாணவனுக்கு அரை மணி நேரம் போதும். கடன் பெறும் பெண்ணுக்கோ அவ்வறிவு இல்லை. மோட்டார் சைக்கிளிற் சென்று அவளிடம் வாரப்பணம் அறவிடும் இளைஞனும் பெரும்பாலும் வணிகம் பயின்றவனே. அவன் ஞாயிற்றுக்கிழமை இரத்ததானஞ் செய்யக்கூடும். அவனுடைய சமூகப் பொறுப்போ திங்கட்கிழமை அவள் வீட்டுப் படலையில் நின்று, நூற்றுக்கு 24 என்று சொல்வதா 45 என்று சொல்வதா என்பதிலேயே சோதிக்கப்படுகின்றது. அவனை அங்கு அனுப்பும் முகாமையாளரும் அந்நிறுவனத்தின் கணக்காய்வாளரும் வணிகம் பயின்றவர்களே என்பதையும் மறத்தலாகாது.

மற்றோர் உதாரணம் ஊழியரைப் பற்றியது. 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 பங்கும் முதலாளியின் பணத்திலிருந்து 12 பங்கும் செலுத்தப்படல் வேண்டும். 1980ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 பங்கு செலுத்தல் வேண்டும். இவற்றைக் கட்டாமல் நாட்கூலி என்று எழுதி விடுகின்ற கடைகளும் உள. அத்தகைய கடையின் முதலாளி தேர்த்திருவிழாவிற்குப் பெருந்தொகை உபயஞ் செய்யலாம். ஆயினும் முப்பது ஆண்டு அவர் கடையில் நின்று முதுமையடைந்த ஊழியன் வெறுங்கையுடன் வீடு செல்கின்றான். அவ்வுபயத்தின் ஒரு பகுதி யாருடைய பணம் என்பதைக் கணக்கீடு பயின்ற மாணவன் சொல்ல வல்லவனாதல் வேண்டும்.

செய்யத்தக்கன

மனப்பான்மை அறிவுரையால் மாத்திரம் மாறுவதில்லை. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின்னர், 2009இல் அமெரிக்காவின் ஹாவாட் வணிகக் கல்லூரி மாணவர், தந்நலத்திற்காகப் பிறர்க்குத் தீங்கிழையோம் என்னும் பொருள்பட உறுதிமொழியொன்றை ஆக்கிக் கைச்சாத்திட்டனர். நல்ல முயற்சியே. ஆயின் உறுதிமொழியிலும் பழக்கம் வலிது. ஆகவே பழக்கத்திற்குரிய மூன்று வழிகளை இங்குக் கூறுதல் பொருந்தும்.

மாணவர் தம் பாடத்தையே தொண்டாக்குதல் ஒன்று. சந்தையில் மரக்கறி விற்கும் பெண்களுக்கு நாள்வரவு செலவு எழுதக் கற்பித்தல், கடன் பத்திரத்திலுள்ள உண்மை வட்டியை ஊரார்க்குக் கணித்து விளக்குதல், சனசமூக நிலையங்களினதும் மீனவர், கமக்காரர் சங்கங்களினதும் கணக்குகளை ஒழுங்குபடுத்த உதவுதல் ஆகியன வணிக மாணவரே செய்யத்தக்க பணிகள். வீதியைக் கூட்டுதற்கு எவரும் வரலாம். கணக்கை நேராக்குதற்கு அதனைக் கற்றவனே வரல்வேண்டும். இப்பணியாற் தொண்டு வளர்வதோடு பாடமும் தெளியும்.

ஆசிரியர் இரண்டாவது வினாவைக் கேட்கப் பழக்குதல் மற்றொன்று. இலாபம் எவ்வளவு என்று கணித்த மாணவனிடம், அவ்விலாபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டல் வேண்டும். பொருள் மலிவாகக் கிடைத்தமையாலா, திறமையாலா, ஊழியனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடாமையாலா? ஐந்தொகையின் இருபக்கமும் சமப்பட்டதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பதை வகுப்பறையிலேயே உணர்த்தலாம்.

மூன்றாவது, பழைய மாணவர்க்கு உரியது. மூன்றிலும் வலியதும் இதுவே. இளைஞர்க்கு வேலை கொடுப்போர் அவர்களே. நேர்முகப் பரீட்சையிற் சான்றிதழ்களை எண்ணும் முகாமையாளர், சான்றிதழ் சேர்க்கும் இளைஞரையே பெறுவார். தவறான கணக்கில் ஒப்பமிட மறுத்த இளைஞனைப் பதவியுயர்த்தும் முகாமையாளர், அத்தகைய இளைஞர் பலரை உருவாக்குவார். உள்ளேயிருந்து திருத்துதல் இயலாது, விலகிச் செல்வதே வழி என மேல்நாட்டு மாணவர் கருதியதற்குக் காரணம், திருத்தியவர் எவரையும் அவர்கள் காணாமையே. எம் மாணவர்க்கு அத்தகையோரைக் காட்டும் வாய்ப்புப் பழைய மாணவர் சங்கத்திற்கு உண்டு. ஆண்டுக்கொரு நாளேனும், வணிகத்துறையில் உள்ள பழைய மாணவர் வகுப்பறைக்கு வந்து, நேர்மையால் தாம் இழந்த இலாபத்தையும் அதனாற் தாம் பெற்ற நம்பிக்கையையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். ஒரு மண்டபம் கட்டுவதற்கு ஆகும் செலவில் நூற்றிலொரு பங்கும் இதற்கு ஆகாது.

நன்கொடை நிற்றல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கொடை பெருகுக, மண்டபங்கள் எழுக, வறிய மாணவர் படிக்க. அவற்றோடு, சரியான நிறை, மறைப்பற்ற வட்டி, ஊழியனுக்குச் சேரவேண்டிய நிதி, பொய்யற்ற ஐந்தொகை ஆகியவையும் தொண்டெனவே எண்ணப்படுக. அந்நாள் வருமாயின் எம் கல்லூரியிற் கணக்கீடு பயிலும் மாணவன், தானும் வைத்தியத்துறை மாணவனைப் போலவே ஊருக்குத் தேவையான தொழிலொன்றைக் கற்கின்றான் என்னும் பெருமிதத்துடன் வகுப்பில் அமர்வான். அப்பெருமிதத்தை அவனுக்கு அளிக்கும் கடமை மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய அனைவர்க்கும் உரியதாகும். கல்லூரி அன்னை நீடு வாழ்க.